பதினொரு பேர் பிடித்த நோன்பு

எங்கள் கல்லூரிக்கு உதைபந்தாட்டம் பழக்கப் புது ஆள் வருகிறாராம் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. ஆளைக் காணவில்லை, குரலைக் கேட்கவில்லை, அதற்கு முதலே பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. பழைய ஆள் எங்கள் கணக்கு வாத்தியார். மைதான ஓரத்து மரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, இடைக்கிடை "அடி, அடி" என்று மட்டும் சொல்லுவார். யாருக்கு அடிக்க வேண்டும், எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்ற தொல்லை எல்லாம் தரமாட்டார். பழக்கம் முடிந்ததும் ஆளுக்கொரு வடை. அப்படிப்பட்ட தங்கமான மனுசனை நிப்பாட்டிவிட்டு மன்னாரிலிருந்து யாரோ ஒருவரைக் கொண்டுவந்தால் எனக்கு வயிறு எரியாதா?

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பாணுக்கு விடிய முதல் போய் வரிசையில் நிற்க வேண்டும். சீனி கூப்பனுக்குத்தான். கடையில் புதுப் பந்து என்ற பேச்சே இல்லை. எங்களிடம் இருந்தது உருப்படியான ஒரே ஒரு பந்து, அதையும் செருப்புத் தைக்கிறவர் இரண்டு இடத்தில் தைத்துத் தந்திருந்தார்.

புது ஆள் மெல்லிய உடம்பு, உயரம் கட்டை. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. வந்த முதல் நாள் மைதானத்தில் புள்ளிமான்கள் மேய்வதைக் கண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். திருகோணமலையில் மான் கோட்டைக்குள்ளும் நிற்கும், கடைத்தெருவில் வந்து வாழைப்பழத் தோலும் தின்னும். எங்களுக்கு அது ஆடு மாடு மாதிரி. கோல் கம்பத்தடியில் படுத்திருந்த ஒரு கொம்பு மானை அவர் "சூ, சூ" என்று கலைக்க, அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவர் முதல் நாள் கோபப்பட வேண்டாமா?

கோபம் இல்லையே தவிர, கரைச்சல் இருந்தது. வடையை நிப்பாட்டினார். விடியக் காலமை கடற்கரைக்கு வரச் சொல்லி, ஈர மணலில் ஓடவிடாமல் காய்ந்த மணலில் ஓடவிட்டார். காய்ந்த மணலில் ஓடிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நான் ரைட் பாக். ஓட்டம் குறைவு, உடம்பு கூட. என்னைத் தாண்டிப் போகிறவன் என்னைச் சுற்றித்தான் போக வேண்டும், சுற்றி முடிக்கிறதுக்குள் வேறு யாராவது வந்துவிடுவார்கள், இதுதான் என் திறமை. அப்பேர்ப்பட்ட என்னையும் அந்த மனுசன் ஓட வைத்தார்.

எங்கள் மைதானம் கடலுக்குப் பக்கத்தில். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தரையிலிருந்து கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். பந்தை உயர்த்தி அடித்தால் நேரே தண்ணீரில்தான். தோல் பந்து கடல் தண்ணீரைக் குடித்தால் பூசணிக்காய் கனம் கனக்கும். அவர் ஒரு சட்டம் போட்டார். பந்தை உயர்த்தினவன் எவனோ அவனே கடலில் இறங்கி எடுக்க வேண்டும். இரண்டு கிழமை எல்லோரும் நனைந்தோம். மூன்றாம் கிழமை ஒருவரும் நனையவில்லை. பந்து நிலத்தோடு நிலமாக ஒருவன் காலிலிருந்து மற்றவன் காலுக்குப் போகத் தொடங்கியது. அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு வெல்லத் தொடங்கினோம். முதலில் ஒரு மட்ச், பிறகு இன்னொன்று. கந்தளாய்க்குப் போய் அங்கேயும் வென்று, லொறியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். சந்தையில் மீன்காரர் என் அம்மாவுக்கு ஒரு கொத்துக் கீரிமீன் சும்மா போட்டுவிட்டு, "உங்கட மகன் நல்லா மறிக்கிறான்" என்றாராம். அம்மா அதை வீட்டில் ஒரு மாதம் சொன்னா.

அவருடைய இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். மட்ச் அன்று மத்தியானம் ஒரு வகுப்பறைக்குள் எங்களை வரிசையாக இருத்துவார். அலுமினிய வாளியில் தேசிக்காய்த் தண்ணீர், உப்பும் சீனியும் போட்டு. சீனி அவருடைய சொந்தக் கூப்பன் சீனி, தான் வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு எங்களுக்குக் கரைத்தார். அவருக்கு முன்னால் ஒவ்வொருவனும் ஒரு கோப்பை குடிக்க வேண்டும். குடிக்காதவன் மைதானத்தில் இறங்க ஏலாது. மன்னாரில் அவர் பழக்கின ஒரு பெடியன் வெறும் வயிற்றோடு வெயிலில் விளையாடி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது பெரும்பாடாம். அந்தத் தாய் தன்னைப் பார்த்த பார்வை போதும், இனி ஏலாது என்று சொன்னார். ஆகவே அந்தச் சட்டத்தில் மட்டும் பகிடி கிடையாது.

எங்கள் சென்ரர் ஹாஃப் கிண்ணியாவிலிருந்து வருகிறவன். அப்போது பாலம் இல்லை. மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவான். பஸ் தவறினால் பாதித் தூரம் ஓடியே வருவான். அவன் விளையாடுகிறதைப் பற்றி நான் என்ன சொல்ல? பந்து எங்கே வரப்போகிறது என்று பந்துக்கே தெரியாத நேரத்தில் அவன் அங்கே நிற்பான். படிப்பில் நானும் அவனும் ஒரு வாங்கில், அதாவது கடைசி வாங்கில்.

அவனுடைய வாப்பாவுக்கு ஒரு கால் வழங்காமல் போய், வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். இவன்தான் மூத்தவன். வருசக் கடைசியோடு பள்ளிக்கூடம் முடிந்ததும் கந்தளாயில் மாமாவின் பலசரக்குக் கடைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவு. கடை வேலை கேவலம் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. "கடைக்குள்ள நிண்டா நான் பந்தை மறந்திருவன் மச்சான்," என்றான் ஒருதரம். 

துறைமுகத்தில் ஒரு நல்ல உதைபந்து ரீம் இருந்தது. நன்றாக விளையாடுகிற பெடியளைப் பார்த்து வேலையும் கொடுத்து ரீமிலும் சேர்ப்பார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பத்துக்கு அப்படித்தான் அடுப்பு எரிந்தது. அந்த ரீமுக்குப் பொறுப்பான ஐயா எங்கள் கோச்சிடம் சொல்லி அனுப்பியிருந்தார், ஃபைனலுக்கு வருவேன், உங்கள் சென்ரர் ஹாஃபைப் பார்க்க வேண்டும் என்று. இவனுக்கு அது தெரிந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஃபைனலில் விளையாடினால் துறைமுகம், இல்லாவிட்டால் கந்தளாய். இவ்வளவுதான் கணக்கு.

ஃபைனல் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது.

மற்ற மட்சுகள் எல்லாம் தலைப்பிறைக்கு முதலே முடிந்துவிட்டன. இது மட்டும் தள்ளித் தள்ளிப் போய் நோன்புக்குள் மாட்டிக்கொண்டது. கோச் இவனைக் கூப்பிட்டுக் கதைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அண்டைக்கு ஒரு நாள் நோன்பை விட ஏலாதா தம்பி? பிறகு பிடிக்கலாம் எண்டு கேள்விப்பட்டனான்."

"வருத்தக்காரருக்கும் பயணம் போறாக்களுக்கும் தான் சேர். பந்தடிக்கிறதுக்கு விட ஏலாது."

"அப்ப உன்னை இறக்க ஏலாது. எனக்கு உன்னில கோபமில்லை. ஆனா இறக்க ஏலாது."

"ஓம் சேர்," என்றான். அவ்வளவுதான். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. கோச்சில் கோபப்படவும் ஏலாது, இவனில் கோபப்படவும் ஏலாது, கடைசியில் மட்ச் நாள் குறித்தவனைத் தூசணத்தால் ஏசி ஆறினேன்.

கோல் காக்கிற எங்கள் கோலி ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன், கத்தோலிக்கன். பூசைக்குப் போகச் சொன்னால் கடலுக்குப் போவான், கடலுக்குப் போகச் சொன்னால் பூசைக்குப் போவான். அவன்தான் கிண்ணியாக்காரன் இல்லாத நேரம் பார்த்து எங்களைக் கூட்டினான்.

"ஒருத்தன் குடிக்காட்டி ஒருத்தனை நிப்பாட்டலாம். எல்லாரும் குடிக்காட்டி? ரீமையே நிப்பாட்டுவாரோ?"

"சும்மா குடிக்காம இருந்தா, கள்ளம் எண்டு வாயைத் திறந்து ஊத்துவார்," என்றான் ஒருவன்.

"சும்மா ஏன்? நாங்களும் நோன்பு பிடிப்பம்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். நான் சாப்பாட்டுராமன் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தவன் நான், ஒரு நாள் என்ன பெரிய விசயம் என்று மார்தட்டினேன். கோலி பெரிய வெள்ளிக்கிழமைக் கணக்குச் சொன்னான். ரிசேவில் நின்றவர்களும் சேர்ந்தார்கள். கிண்ணியாக்காரனுக்கு மட்டும் சொல்வதில்லை என்று முடிவு. சொன்னால் வேண்டாம் என்று தடுத்துவிடுவான்.

அங்கேதான் நாங்கள் கெட்டோம். நோன்பு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்த ஒரே ஒருவனிடம் கேட்க ஏலாத நிலைமை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், தண்ணீர் கூடாது, எச்சில் விழுங்கினாலும் நோன்பு முறிந்துவிடும் என்று எவனோ சொன்ன கதை. விடிய முதல் எழும்பி வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்பது தெரியும்தான். ஆனால் சாமத்தில் எழும்பிச் சோறு கேட்டால் எந்த அம்மா சும்மா விடுவா? ஆகவே ஒருவனும் சாப்பிடவில்லை. முதல் நாள் இரவு தின்ற இடியப்பத்தோடு நான் நோன்பாளி ஆனேன்.

மட்ச் அன்று காலையிலிருந்து துப்பத் தொடங்கினோம். வகுப்பில் துப்ப ஏலாது, ஆகவே ஒருவர் மாறி ஒருவர் "சேர், வெளிய போகட்டா?" என்று கேட்டுப் போய்த் துப்பிவிட்டு வந்தோம். சமய பாட வாத்தியார் எங்களுக்கு வயிற்றோட்டம் என்று நினைத்து இரக்கப்பட்டார். பத்து மணிக்கே என் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கச்சான் வேறு, யன்னலுக்குள்ளால் சூளை வாயைத் திறந்துவிட்ட மாதிரி அடித்தது. அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலைத் திறந்து மணந்துகூடப் பார்க்காமல் ஒரு மானுக்கு முன்னால் வைத்தேன். அதில் பொரித்த மீன் இருந்தது. மான் மீனைத் தள்ளிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றது.

மத்தியானம் வகுப்பறையில் வாளி வந்தது. கிண்ணியாக்காரன் மூலையில் சாதாரண சேட்டோடு இருந்தான், ஜேசி கொடுக்கவில்லை. கோச் முதல் கோப்பையைக் கோலியிடம் நீட்டினார்.

"வேண்டாம் சேர். நோன்பு."

"நீ எப்ப இருந்தடா நோன்பு?"

"இண்டைக்கு இருந்து சேர்."

அவர் சிரித்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டினார். "நோன்பு சேர்." அதற்கடுத்தவன். "நோன்பு சேர்." என்னிடம் வரும்போது அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. தேசிக்காய் மணம் மூக்கில் ஏற, கண்ணை மூடிக்கொண்டு, "நானும்தான் சேர்," என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய காரியம் நான் வேறு செய்யவில்லை, மனைவி பிள்ளைகள் அறியச் சொல்கிறேன்.

கிண்ணியாக்காரன் எழும்பி நின்றுகொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "உங்களுக்கு என்ன விசராடா?" என்று கேட்டான். குரல் உடைந்துவிட்டது.

கோச் வாளியை மேசையில் வைத்தார்.  பிறகு பைக்குள்ளிருந்து கடைசி ஜேசியை எடுத்து அவனிடம் எறிந்தார். "ஆருக்காவது தலை சுத்தினா, அந்த இடத்திலயே குந்த வேணும். வீரம் காட்டினா காலை முறிப்பன்," என்றார் எங்களிடம். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

எதிர்ப்பக்கம் எங்கள் ஊரின் மற்றப் பெரிய கல்லூரி. ஊரே திரண்டு வந்திருந்தது. துறைமுகத்து ஐயா வெள்ளைக் காற்சட்டையோடு நடுவில் கதிரையில் இருந்தார். முதல் பாதியில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கிண்ணியாக்காரன் தூரத்திலிருந்து நிலத்தோடு அடித்த ஒரு அடி கம்பத்தோரமாக உள்ளே போனது. ஒன்றுக்குப் பூச்சியம். இடைவேளையில் மற்றப் பக்கத்தான்கள் தோடம்பழம் உறிஞ்சினார்கள். நாங்கள் அதைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதுவும் தண்ணீர்தானே, வேதனை கூடியது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் ரைட் விங் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். பிறகு ஒவ்வொருவனாக. எனக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்து இழுத்தது. எதிர் விங்கன் பந்தோடு வந்தான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன், போய்வா என்று கை காட்டாததுதான் குறை. ஒன்றுக்கு ஒன்று. ரிசேவில் இறங்கினவனும் நோன்பாளி, அவன் ஓடி வந்து இறங்கினதோடு களைத்துப் போனான்.

கிண்ணியாக்காரன் மட்டும் ஓடினான். சஹருக்கு எழும்பிச் சாப்பிட்டவன், சின்ன வயதிலிருந்து பழகின உடம்பு. என் இடத்தில் நின்று மறித்தான், நடுவில் வந்து பறித்தான், முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தான், வாங்குவதற்கு அங்கே ஒருவன் நிமிர்ந்து நின்றால்தானே. கோலி விழுந்துகிடந்த ஒருதரம் கோல் கோட்டில் நின்று நெஞ்சால் தடுத்தான். "பதினொரு பேரடா, பதினொரு பேர் விளையாடுங்கோடா!" என்று சனம் கத்தியது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அவன் இல்லாவிட்டால் பத்தாக இருந்திருக்கும்.

விசில் அடித்ததும் நாங்கள் பைப்படிக்குத் தவழ்ந்தோம். அப்போதும் கோலி பைப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பள்ளிவாசலில வாங்கு சொல்லேல்லையடா," என்றான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி ஏன் முறிக்க வேண்டும் என்று புல்லில் விழுந்து கிடந்தோம். கிண்ணியாக்காரன் வந்து என் காலை நீட்டிப் பிடித்தான். எச்சில் கதையைச் சொன்னேன். "எச்சில் விழுங்கினா நோன்பு முறியுமெண்டு ஆரடா சொன்னது? அது முறியாதுடா மோடயா," என்றான். பிறகு என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அந்த நேரம் துறைமுகத்து ஐயா கோச்சோடு எங்களை நோக்கி வந்தார்.

"மற்றப் பத்துப் பேரும் என்ன மாஸ்ரர்? இரண்டாம் பாதி ஓடவே ஏலாதவங்கள். இவங்களை நீங்கள் பழக்கினீங்களோ, படுக்க வைச்சீங்களோ?"

பக்கத்தில் எங்கள் அதிபரும் நின்றார். இவன் எழும்பி வாயைத் திறந்தான். கோச் அவனுடைய தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"என்ர பிழைதான் ஐயா. அவையளுக்கு மூச்சுப் பழக்கம் நான் சரியாக் குடுக்கேல்லை. ஆனா இவனுக்கு ஆரும் பழக்கத் தேவையில்லை. நீங்களே பாத்தீங்கள்தானே."

"பாத்தனான்," என்றார் அவர். "வேறை பார்க்க அங்க என்ன இருந்தது? தம்பி, நாளைக்குக் காலமை துறைமுகக் கந்தோருக்கு வா."

வாங்கு கேட்டது. கோச் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்தார். இவன் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி பிய்த்துத் தந்தான். அந்தத் தண்ணீரின் ருசியை எழுத எனக்கு வராது.

அவன் துறைமுகத்தில் சேர்ந்தான். கோச்சை அடுத்த வருசத்துக்கு வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார். ஃபைனலில் ஓட ஏலாத ரீமைக் கொண்டுவந்து கல்லூரியின் மானத்தை வாங்கினாராம். நாங்கள் கூட்டமாகப் போய் நடந்ததைச் சொன்னோம். "அந்த ஆளைக் காப்பாத்தக் கதை கட்டுறீங்களோ? போங்கோ வகுப்புக்கு," என்று கலைத்தார். சைவப் பெடியளும் வேதக்காரப் பெடியளும் நோன்பு பிடித்தார்கள் என்றால் யார் நம்புவார்? எனக்கு அந்த அதிபரில் இன்றைக்கும் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

கோச் ஊருக்குப் போகிற அன்று பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். இவன் வேலையில் அரை நாள் லீவு கேட்டு, காக்கிச் சேட்டோடு வந்திருந்தான். அவனேதான் கேட்டான்.

"ஏன் சேர் உண்மையைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா உங்களை நிப்பாட்டியிருக்க மாட்டினம்."

அவர் சூட்கேசைக் கீழே வைத்தார். "அந்தத் துறைமுகத்து மனுசனுக்கு நான் நோன்புக் கதையைச் சொல்லியிருந்தா, அவர் வீட்ட போய் இவங்கட கதையைத்தான் கதைச்சிருப்பார். பத்துப் பெடியள் கூட்டாளிக்காகப் பட்டினி கிடந்தாங்களாம் எண்டு ஊரெல்லாம் கதைச்சிருக்கும். நல்ல கதைதான். ஆனா அண்டைக்கு அவர் உன்ர கதையை மட்டும்தான் கொண்டு போக வேணும்."

பிறகு எங்கள் எல்லோருடைய தலையிலும் ஒருதரம் தட்டிவிட்டு ஏறினார். யன்னலால் தலையை நீட்டி, "லீவு அரை நாள்தானே? நேரத்துக்குப் போ," என்றார் அவனிடம். பஸ் திரும்பி மறையும் வரைக்கும் அவன் அசையாமல் நின்றான். மட்ச் தோற்ற அன்றும் சத்தம் போட்டு அழாதவன், பஸ் நிலையத்து வாங்கில் குந்திக்கொண்டு, அத்தனை சனத்துக்கு முன்னாலும் வாய்விட்டு அழுதான். நாங்கள் ஒருவரும் அவனை அழாதே என்று சொல்லவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரத்துக்கு வேலைக்குப் போனான்.